துண்டும் பட்டமும்

அந்நிய நாடொன்றுக்குள் மாணவன் என்ற பெயரில் அனுமதிக்கப்பட்ட ஒருவன், பட்டம் பெற்ற மறுநாள் அந்த நாட்டில் யார்? அவன் இனி மாணவன் அல்லன். தொழிலாளியாக இன்னும் ஏற்கப்படவும் இல்லை. குடிமகன் அல்லன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சட்டம் இக்கேள்விக்கு ஒரு திகதியையும் ஒரு கட்டணத்தையும் விடையாகத் தரும். ஒழுக்கவியல் தரக்கூடிய விடை யாது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

யாழ்ப்பாணத்திலே இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. ஒன்று வீட்டு முற்றத்தில் சொல்லப்படுவது. மற்றது மேடையில் முழங்கப்படுவது. முற்றத்திலே, "தம்பி விசா மாத்திப்போட்டானோ?" என்று கேட்பார்கள். ஓம் என்றால் அவன் கெட்டிக்காரன். இல்லையென்றால் குடும்பத்துக்கு ஏதோ தோஷம். மேடையிலேயோ, "இந்த மண்ணின் இலவசக் கல்வியிலே படித்துவிட்டு அந்நியனுக்கு உழைக்கப் போய்விட்டான், நன்றி கெட்டவன்" என்பார்கள். மேடையில் அப்படிப் பேசியவரே வீட்டுக்கு வந்து முற்றத்துக் கேள்வியைத் தம் மகனைக் குறித்துக் கேட்பதும் உண்டு. அதை நாம் பெரிதுபடுத்த விரும்பவில்லை. இரு விடைகளும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பதே நமது கருத்து. இரண்டும் அந்த இளைஞனை மட்டுமே பார்க்கின்றன. அவன் கையிலுள்ள கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டுமே வாசிப்பதில்லை.

கற்றவன் கடல் கடப்பது நமக்குப் புதிதன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் வழிவந்தவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பீ. ஏ. பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை தமிழகத்திலேயே உத்தியோகம் பார்த்தார். அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். 1901இல் சென்னையிலேயே மறைந்தார். அவர் நன்றி கெட்டவர் என்று எவரும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. அடுத்த தலைமுறை மலாயாவுக்குப் போயிற்று. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த 'மலாயன் பென்சனியர்' பலரை நமது பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர்களுக்கும் அக்காலத்தில் 'மாணவன்', 'தொழிலாளி' என்ற இரண்டு கதவுகள் இருக்கவில்லை. பொதுநலவாய நாட்டவன் எவனும் அங்கே போகலாம், படிக்கலாம், பிடித்தால் வேலை செய்யலாம். 1962 ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டமே அந்த வழியை அடைத்தது. வேலைக்கு வருபவனுக்கு அ, ஆ, இ என மூவகைச் சீட்டுகளை அது விதித்தது. ஏற்கனவே வேலை உறுதியானவனுக்கு ஒன்று, தகைமையுள்ளவனுக்கு ஒன்று, மற்றவனுக்கு ஒன்று. மனிதன் எவ்வளவுக்குப் பயன்படுவான் என்று எடைபோட்டு உள்ளே விடும் முறை அன்று தொடங்கியது, இன்றுவரை நின்றபாடில்லை.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டுத் தரப்படுத்தலால் இங்கே பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கியபோது, காணி பூமி உள்ள வீட்டுப் பிள்ளைகள் இலண்டனுக்குப் படிக்கப் போனார்கள். 1983 ஜூலைக்குப் பின் அவர்களுள் பலருக்குத் திரும்பி வர ஊர் இருக்கவில்லை, மாணவர் அகதிகளாயினர். 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையர் அனைவருக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அது அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. போர் 2009இல் முடிந்தது, போக்கு முடியவில்லை. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தபின், அகதி என்று போக வழியில்லாத இளைஞருக்கு மாணவர் என்ற வழியே எஞ்சிற்று.

அவ்வழி இன்று எவ்வாறு அமைந்திருக்கிறது? பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம். முதுமாணிப் படிப்புக்குப் போகும் மாணவன் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின், 2021 ஜூலையில் தொடங்கிய பட்டதாரி வழி என்ற ஏற்பாட்டின்கீழ் இரண்டு ஆண்டுகள், எவருடைய சிபாரிசும் இன்றி, கிடைத்த வேலையைச் செய்து தங்கலாம். 2027 ஜனவரி முதலாந் திகதிக்குப் பின் விண்ணப்பிப்போருக்கு இது 18 மாதமாகக் குறையும் என்பது 2025இல் வந்த விதி. இந்த அனுமதியை நீடிக்க முடியாது. அது முடியுமுன், அரசாங்கத்திடம் உரிமம் பெற்ற முதலாளி ஒருவர் இவனுக்கு 'ஸ்பொன்சர்' ஆகிச் சான்று வழங்கவேண்டும். எந்த முதலாளியும் எந்தச் சம்பளத்துக்கும் வழங்கிவிட முடியாது. பொதுவாகக் கொடுக்கவேண்டிய ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரலுக்கு முன் 26,200 பவுண். அந்த ஏப்ரலில் அது 38,700 ஆயிற்று. 2025 ஜூலையில் 41,700 ஆயிற்று. புதிய பட்டதாரிக்குச் சிறிது சலுகை உண்டு. சலுகைத் தொகையும் 33,400 என்றால், மற்றதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இலக்கங்களை நாம் தந்தது அச்சுறுத்துவதற்காக அன்று. இவற்றைவிட முக்கியமான ஒரு விதி இருக்கிறது. அதை முகவர்களின் விளம்பரப் பலகைகளில் நாம் கண்டதில்லை. சான்று வழங்கிய முதலாளியிடம் வேலை போனால், அல்லது அந்த முதலாளியின் உரிமமே பறிபோனால், தொழிலாளி அந்நாட்டில் தங்குவதற்கு வழக்கமாக எஞ்சுவது 60 நாட்கள். அதற்குள் இன்னொரு முதலாளி புதிய சான்று வழங்கவேண்டும், இவன் புதிய விண்ணப்பம் செய்து புதிய கட்டணம் கட்டவேண்டும், இல்லையேல் வெளியேறவேண்டும். நிரந்தர வதிவிடம் பெற ஐந்தாண்டு இவ்வாறு கழியவேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அதைப் பத்தாண்டாக்கும் எண்ணத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

வேலை நீக்கம் எந்த நாட்டிலும் கொடியதே. உள்ளூர்த் தொழிலாளி வேலையை இழந்தால் சம்பளத்தை இழக்கிறான். ஸ்பொன்சரின் கீழுள்ளவனோ சம்பளத்தோடு வாடகை அறையையும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும், தெருவில் நிற்கும் உரிமையையுமே இழக்கிறான். ஆகவே அவன் மேலதிக நேர வேலைக்குக் கூலி கேட்கமாட்டான். மேற்பார்வையாளன் நாய் என்று ஏசினாலும் சிரிப்பான். அவன் கோழை என்பதனாலன்று. எதிர்த்துப் பேசுவதற்கு அவன் கொடுக்கவேண்டிய விலை மற்றவர் கொடுப்பதைவிடப் பன்மடங்கு என்பதனாலே. ஒரு செயலின் ஒழுக்க மதிப்பைக் கணிப்பவர்கள், அச்செயலுக்கு அவன் என்ன விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதையும் கணிக்கவேண்டும். நமது நீதிநூல்கள் இந்த இடத்தில் பொதுவாக மௌனம் சாதிக்கும்.

அவ்விலையை உயர்த்துவது அங்கேயுள்ள முதலாளி மட்டுமன்று. இங்கேயுள்ள பேரேடும் தான். யாழ்ப்பாணத்துச் சராசரிக் குடும்பம் ஒன்று பல ஆயிரம் பவுண் கல்விக் கட்டணத்தை எவ்வாறு கட்டுகிறது? தோட்டக் காணி ஒற்றிக்குப் போகும். காணியின் விளைவு முழுவதும் வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவனைச் சேரும். தாலிக்கொடியும் காப்பும் வங்கி அடகிலே கிடக்கும். தமக்கையின் கலியாணம் "அவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று தள்ளிப்போகும். இந்நிலையில், பட்டதாரி அனுமதி முடிய மூன்று மாதம் இருக்கும்போது, முதியோர் இல்லத்து உரிமையாளன் ஒருவன் "சான்று தருகிறேன், ஆனால் அதற்கு இவ்வளவு பணம்" என்று சட்டத்துக்கு மாறாகக் கேட்டால், கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி பெற்ற பிள்ளை என்ன சொல்வான்? அவ்வாறு பணம் கொடுத்துச் சான்று பெற்றவர்கள் பலர். பராமரிப்புத் துறையில் மட்டும் 2022 ஜூலைக்கும் 2024 டிசெம்பருக்கும் இடையில் 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உரிமத்தைப் பிரித்தானிய அரசாங்கம் பறித்தது. குற்றம் முதலாளியுடையது; 60 நாள் கெடு தொழிலாளிக்கு. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புத் தொழிலாளரைச் சேர்க்கும் வழியும் மூடப்பட்டது.

இங்கே ஒரு சிறு விடயத்தையும் குறித்துவைப்போம். வேலைக்கென்று நாட்டை விட்டுப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போகவேண்டும். அப்பாதுகாப்பு போதியதா என்பது வேறு விடயம். பெயராவது ஒரு பேரேட்டில் இருக்கும். மாணவனாகப் போய் அங்கே தொழிலாளியாகிறவனுடைய பெயர் அந்தப் பேரேட்டில் கிடையாது. நமது அரசாங்கத்தின் கணக்கில் அவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.

சான்றில்லாமல் வேறிடம் போகமுடியாத தொழிலாளி, புதிய எசமானிடம் போனாலும் கூடவே வரும் கடன், வேலையை விட்டால் நாட்டிலேயே நிற்கமுடியாத நிலை! இப்படியொரு முறையை இலங்கைத் தமிழர் முன்னர் கண்டதில்லையா? கண்டிருக்கிறார்கள், ஆனால் கண்டவர்கள் யாழ்ப்பாணத்தார் அல்லர்.

மலையகத் தோட்டங்களில் அதற்குத் 'துண்டு' என்று பெயர். தென்னிந்தியக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரிலே கடனாக எழுதப்படும். அவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் என்று பழைய துரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கவேண்டும். துண்டில்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் பேர் விழாது. புதிய துரை அத்தொகையைக் கட்டுவான். அது புதிய தோட்டத்தின் பேரேட்டிலே தொழிலாளியின் தலையில் ஏறும். கடன் குறைவதில்லை, கடன்காரன்தான் மாறுவான். சொல்லாமல் ஓடிப்போனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை. இம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த ஒப்புமையை நாம் எல்லை மீறி இழுக்கப்போவதில்லை. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, வாந்திபேதியிலே செத்து, லயத்துக் காம்பராவில் பிள்ளை பெற்ற அம்மக்களின் துயரத்தோடு, விமானத்தில் ஏறிப் போய், மின்சார அடுப்புள்ள அறையில் குடியிருப்பவனின் துயரத்தைச் சமமாக வைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஓடினால் இவனுக்குச் சிறை இல்லை. இவன் கையெழுத்து வைக்கும் கடதாசியை இவனால் வாசிக்க முடியும். அவர்களுள் பெரும்பாலோருக்கு முடியவில்லை. கனடாவில் பட்டம் பெற்றவனுக்கு மூன்றாண்டு வரை எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் திறந்த அனுமதி கிடைப்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் இரண்டு முறைகளும் ஒரே தத்துவத்தில் நிற்கின்றன. கூலியுழைப்பாளி தன் உழைப்பை யாருக்கு விற்பது என்பதிலாவது சுதந்திரமுள்ளவன் என்று முதலாளித்துவம் பெருமை பேசும். அச்சுதந்திரத்தையும் ஒரு சீட்டில் எழுதி இன்னொருவன் பெட்டியில் பூட்டிவைப்பதே துண்டின் தத்துவம். சீட்டு அச்சடித்ததாயினும், கணினியிலே ஓர் இலக்கமாயினும் அத்தத்துவம் மாறுவதில்லை.

"அவன் விரும்பித்தானே போனான்? எவரும் பிடித்து அனுப்பவில்லையே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கங்காணியோடு போனவர்களும் விரும்பியே போனார்கள் என்றுதான் அன்றைய துரைமார் எழுதினார்கள். பஞ்சத்தில் கிடந்தவனின் விருப்பமும், காணியை ஒற்றி வைத்தவனின் விருப்பமும் விருப்பந்தான். ஆனால் ஒருவனுடைய சம்மதம் மற்றவனுடைய அநீதியை நீதியாக்கிவிடாது.

இனி மேடைப் பேச்சாளரின் கேள்விக்கு வருவோம். இலவசக் கல்விக் கடன் உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம். இல்லை என்று வாதிக்கும் தனிமனிதவாதம் நமக்கு உடன்பாடன்று. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இல்லையேல் கமக்காரன் மகனும் சீவல் தொழிலாளி மகனும் பல்கலைக்கழக வாசலை எட்டியிருக்க முடியாது. கடன் உண்டு, கொடுத்தவர் யார் என்பதே கேள்வி. அரசாங்கம் என்பார்கள். அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் முதுகெலும்பு தேயிலை. கொழுந்து பறித்த கைகள் ஈட்டிய பணத்திலேதான் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரும்பலகைகள் தொங்கின. ஆனால் அக்கைகளுக்குரியவர்களின் பிள்ளைகளோ தோட்டத்துரையின் தயவில் நடந்த ஓராசிரியர் கொட்டில்களில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இலவசக் கல்வியின் விலையைக் கொடுத்தவர்களுக்கு அக்கல்வி கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துக்கு யாழ்ப்பாணம் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆதரவாக வாக்களித்தார். எதிர்த்து நின்று கட்சியை உடைத்தவர்களும் யாழ்ப்பாணத்தாரே. ஆதலால் ஊர் முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையக மக்கள் யாருடைய வயல்களிலே நாட்கூலிக்கு நின்றார்கள்? 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை அவர்களுக்கு முன்னால் உச்சரித்தவர்கள் யார்? கிளிநொச்சிப் பாடசாலைகளிலே படிப்பித்த வாசகர்களுக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை. அம்மக்களுக்கு வதிவிட அனுமதிச் சீட்டு என்பது ஒரு வாழ்நாட் கவலையாக இருந்தது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்தக் கவலை எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்துப் பட்டதாரி இப்போது அந்நிய நாட்டுக் கந்தோரின் வாங்கிலிருந்து அறிந்துகொள்கிறான்.

கொடுத்தவர் யார் என்று தெரிந்தபின், கடனை எங்கே இருந்து தீர்ப்பது என்ற கேள்வி மாறிவிடுகிறது. திரும்பி வருவது ஒன்றே கடன் தீர்க்கும் வழி என்று சொல்ல முடியாது. 1960களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்து கலாநிதியான கைலாசபதி திரும்பி வந்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவருமானார். அது பெருமைக்குரியது. ஆனால் அவருக்குத் திரும்பி வந்து இருக்க ஒரு கதிரை இருந்தது. காணி ஒற்றியில் இருக்க, வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலே வீதியோரப் பந்தலில் வேலை கேட்டுக் குந்தியிருந்ததைக் கண்டவனை, அதே கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்ப்பது தகாது. திரும்பிவரக்கூடியவன் வராதிருப்பதற்கும், திரும்பமுடியாதவன் வராதிருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

திரும்பியவர்களுள்ளும் நாம் நினைவுகூர விரும்புவது இன்னொருவரை. மானிப்பாய் வழிவந்த பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜிலே படித்து, இங்கிலாந்தில் நடந்த போட்டிப் பரீட்சையில் தேறி, 1875இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர். உயர்குடிப் பிறப்பும் சேர் பட்டமும் உள்ள அவரை நமது தோழர்கள் எல்லாரும் கொண்டாடப்போவதில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பின், 1919இல், தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகத்தை அமைத்து, கூலியாளைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை அகற்றக் கோரி அவர் கிளர்ச்சி செய்தார். அந்நிய நாட்டிலே படித்த படிப்பை அவர் துண்டுக்காரனின் பக்கம் நின்று செலவிட்டார். இலண்டனிலே இருப்பவனும் அப்படிச் செலவிடலாம். அதற்கு விமானச் சீட்டுத் தேவையில்லை.

வழி இல்லாமலும் இல்லை. யுனிசன் என்ற பிரித்தானியத் தொழிற்சங்கம், பராமரிப்புத் தொழிலாளரின் அனுமதியைத் தனி முதலாளியோடு கட்டாமல் துறை முழுவதோடும் இணைக்கவேண்டும் என்று கோரிவருகிறது. அதாவது, ஒரு முதியோர் இல்லத்தை விட்டு இன்னொன்றுக்குத் துண்டு கேளாமல் நடந்து போகும் உரிமை. பராமரிப்புத் துறைக்குப் பொருந்துவது மற்றத் துறைகளுக்கும் பொருந்தும். நம்மவர்கள் அந்நாட்டில் கோயில் கட்டச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கங்களுக்கும் குறைவில்லை. தொழிற்சங்கச் சந்தா என்றவுடன் "எங்களுக்கேன் வீண் வம்பு, விசா இருக்கிறது" என்பவர்களையும் நாம் அறிவோம். தோட்டத்திலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

இங்கேயுள்ள ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. உயர்தர வகுப்பு மாணவன் முகவரின் அழகிய பிரசுரத்தோடு வந்து, "சேர், போகலாமா?" என்று கேட்கிறான். போ என்றோ போகாதே என்றோ சொல்ல நமக்கு உரித்தில்லை. ஆனால் அவனை உட்காரவைத்து ஒரு மணித்தியாலம் கணக்குப் பார்க்கலாம். கட்டணத்துக்கு எந்தக் காணி போகிறது, அதை எத்தனை வருடத்தில் மீட்கலாம்; பட்டதாரி அனுமதி முடியும் திகதி எது; அதற்குள் 33,400 பவுண் கொடுக்கக்கூடிய முதலாளி அந்தத் துறையில் எத்தனை பேர்; சான்றுக்குப் பணம் கேட்டால் யாரிடம் முறையிடலாம்; வேலை போனால் 60 நாளில் என்ன செய்யலாம்; அந்தத் துறையின் தொழிற்சங்கம் எது. இவ்வளவும் ஒரு கொப்பித் தாளில் அடங்கும். அதோடு, சரித்திர பாடத்திலே ஒரு பந்தியில் கடந்துபோகும் துண்டு முறையை, அவன் இருக்கும்போதே, வகுப்பிலே விரித்துப் படிப்பிக்கலாம். பின் வாங்கில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்குமானால், அவர்கள் வீட்டில் இதைப்பற்றி என்ன கதை சொல்வார்கள் என்று முதலில் அந்தப் பிள்ளையைக் கேட்கலாம்.